முப்பத்தெட்டாவது பாட்டு

12-2-1999

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு உன்னால் ஊசியில் நூல் கோர்க்க முடிகிறதா? அத்தானுக்கு இருமல் விட்டதா? இரண்டையும் மறைக்காமல் எழுது.

வானொலி நிலையத்தில் ஒரு புதுக் கூத்து. நூற்றாண்டு முடியப்போகிறதாம். அதனால் இந்த நூறு வருஷத்தில் மக்கள் வாயில் புழங்கிய பாட்டுகளில் சிறந்த நூறை வரிசைப்படுத்தப் போகிறோம். நேயர்கள் ஒரு கார்டில் பத்துப் பாட்டு எழுதி அனுப்ப வேண்டும். செப்டம்பர் 23 அன்று நூறாவது பாட்டில் தொடங்கி, தினம் காலை ஏழே முக்காலுக்கு ஒன்றாக, டிசம்பர் 31 அன்று முதல் பாட்டு. கார்டுகளைப் பிரித்து எண்ணுவதும், தட்டைத் தேடிக் கொடுப்பதும் என் பொறுப்பு. இசைத்தட்டு அறையில் இத்தனை வருஷம் தூசி தின்றவன் நான்தான் என்று இயக்குநர் பெருமையாகச் சொன்னார்.

அவர் தன் கல்லூரிக் காலத்துப் பாட்டுகளில் பதினான்கை இப்போதே பட்டியலில் நுழைக்கப் பார்க்கிறார். அறிவிப்பாளர் அம்மாவோ தன் கல்லூரிக் காலத்துக்கு இழுக்கிறார். அவரவருக்குப் பதினெட்டு வயது ஆன வருஷம்தான் உலகத்தில் நல்ல பாட்டு பிறந்த வருஷம் போல.

நீயும் அத்தானும் ஆளுக்குப் பத்து எழுதி அனுப்புங்கள்.

உன் தம்பி

6-3-1999

சின்னவனுக்கு அக்கா எழுதுவது.

நூல் கோர்க்கிறேன், ஆனால் இரண்டு தடவை ஏமாந்த பிறகு. பள்ளிச் சீருடை தைக்கும் காலம், மெஷினை விட்டு எழ முடியவில்லை. இருமல் அவரை விட்டுவிட்டது. நீ முழங்காலுக்கு வைத்தியரைப் பார். பார்த்தேன் என்று பொய் எழுதாதே.

என் பத்தையும் கார்டில் எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன். முதல் இடம் கப்பல் பாட்டுக்கு. அம்மா துணி துவைக்கும்போது பாடுவாளே, இரண்டாம் அடி தெரியாமல் முதல் அடியையே துணி முடியும் வரை. இரண்டாவது, ரேடியோவில் ஒரு பெண் பாடுவாளே, அந்தத் தாலாட்டு. என் மகள் அதைக் கேட்டு ஒரு நாளும் தூங்கியதில்லை, நான் தூங்கியிருக்கிறேன். மற்ற எட்டுக்கும் காரணம் எழுதினால் சீருடைக்குப் பட்டன் யார் தைப்பது?

உன் அத்தானிடம் கார்டைக் கொடுத்தேன். லாரி எடைமேடையிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு பேனாவை எடுத்தார். நெடுநேரம் வைத்திருந்துவிட்டு, "எனக்கென்ன பாட்டு தெரியும்?" என்று மூடிவிட்டார். வெறும் கார்டு. அதை நான் அனுப்பவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். வந்த கார்டுகளில் யாராவது இசைக்குழுவில் இருந்தபோது அவர் பாடிய ஜன்னல் பாட்டை எழுதியிருக்கிறார்களா? சும்மா தெரிந்துகொள்ளத்தான். அவரிடம் சொல்ல மாட்டேன்.

அக்கா

20-4-1999

அன்புள்ள அக்காவுக்கு,

வைத்தியரைப் பார்த்தேன், சத்தியமாக. நடக்கச் சொன்னார், நடந்ததால்தான் வலி என்றேன். நீங்கள் எல்லோரும் சௌக்கியம்தானே?

கார்டுகள் இதுவரை பதினொரு சாக்கு. ஒருவர் பத்து இடத்திலும் ஒரே பாட்டை எழுதியிருக்கிறார். இன்னொருவர் தன் மனைவி பாடுவதைச் சேர்க்க முடியுமா என்று கேட்கிறார். மனைவி சொல்லச்சொல்லத்தான் அவர் எழுதியிருக்க வேண்டும். கப்பல் பாட்டும் தாலாட்டும் முதல் இடத்துக்கு முட்டிக்கொள்கின்றன. போன வாரம் குழுக் கூட்டத்தில், மெட்டு முக்கியமா சொல் முக்கியமா என்று தொடங்கி, இயக்குநரும் அறிவிப்பாளர் அம்மாவும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. நான் நடுவில் டீ கொண்டுபோனேன்.

உன் கார்டைச் சாக்கில் சேர்த்துவிட்டேன். அவசரத்தில் எழுதுகிறேன். மீதி அப்புறம்.

உன் தம்பி

9-5-1999

சின்னவனுக்கு,

வெயில் கடுமை; மற்றபடி உடம்புக்குக் கெடுதல் இல்லை. உனக்கும் அப்படியே இருக்கட்டும்.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். அதைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய்.

கேட்காமல் இருந்திருப்பேன். ஆனால் வியாழக்கிழமை ஒன்று நடந்தது. இரும்பு ஏற்றிய லாரி ஒன்று மேடையில் நின்றிருக்கிறது. எடைச்சீட்டுக்காகக் காத்திருந்த டிரைவர் ஜன்னல் பாட்டை முணுமுணுத்திருக்கிறார். இவர் சீட்டை நீட்டிக்கொண்டே, "அந்த எடத்துல மேல போகக் கூடாதுங்க, எறங்கணும்" என்று சொல்லிவிட்டாராம். டிரைவர் சந்தோஷப்பட்டு, "உங்களுக்கும் தெரியுமா? ரேடியோவுக்கு நான் இதைத்தான் முதல் பாட்டுன்னு எழுதிப் போட்டேன். பாடினவரு செத்துட்டாராமே" என்றாராம்.

வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் அந்தப் பாட்டைப் பற்றி அவர் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. ஆக, ஒரு கார்டாவது வந்திருக்கிறது. நீ ஏன் சொல்லவில்லை?

அக்கா

2-7-1999

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை.

எண்ணி முடித்துவிட்டோம். ஜன்னல் பாட்டுக்கு எழுநூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். முப்பத்தெட்டாவது இடம். கணக்குப்படி நவம்பர் 24 அன்று ஒலிபரப்பாகும்.

நிலையத்தில் இருக்கும் தட்டு பழுது. வேறு தட்டு எங்கும் கிடைக்கவில்லை. அதை வெளியிட்ட கம்பெனி ஐந்நூறு தட்டு அடித்ததோடு மூடிப்போனது. "போடத் தட்டு இல்லாத பாட்டை எதுக்கு வெச்சிருக்கணும்? எடுத்துட்டு நூத்தியொண்ணை மேல ஏத்துங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் இயக்குநர். உங்கள் வீட்டில் ஒன்று இருந்ததே, இன்னும் இருக்கிறதா? இருந்தால் அனுப்பு.

உன் தம்பி

18-7-1999

சின்னவனுக்கு,

எல்லோரும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

எழுநூற்றுப் பன்னிரண்டு என்பதை அவர் மூன்று தடவை படித்துக் காட்டச் சொன்னார். பிறகு ஏணி போட்டுப் பரணில் ஏறினார். நான் பிடித்துக்கொள்கிறேன் என்றதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. துண்டில் சுற்றி, அதற்கு மேல் என் பழைய பாவாடைத் துணியைச் சுற்றி, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்திருந்தார். இந்தக் கடிதத்தோடு பார்சலில் வருகிறது. மூலைகளில் பஞ்சு வைத்ததும் அவர்தான்.

கட்டி முடித்துவிட்டு ஒன்று சொன்னார். "ஆயிரம் தடவை போட்டா தட்டு தேயும். அவங்கதான் அஞ்சு மாசத்துக்கு மேல போடவே இல்லையே, அப்புறம் எப்படிப் பழுதாச்சு?" என்றார். உனக்குத் தெரிந்திருக்கும் என்றேன்.

அக்கா

8-8-1999

அக்கா,

தட்டு உடையாமல் வந்து சேர்ந்தது. அறையைச் சாத்திக்கொண்டு போட்டுக் கேட்டேன். முழுதாகக் கேட்டு முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. நலம் விசாரிக்கும் வரிகளை இன்றைக்கு என்னால் எழுத முடியவில்லை.

எங்கள் தட்டு தானாகப் பழுதாகவில்லை. நான் கீறினேன். ஒலிபரப்பக் கூடாது என்று மேலிடம் சொல்லும் தட்டுகளை, யாரும் தவறிப் போட்டுவிடாதபடி ஆணியால் குறுக்கே இரண்டு கோடு இழுத்து வைப்பது அப்போது வழக்கம். இந்தப் பாட்டைப் பற்றி மேலிடம் ஒன்றும் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத நான், அறையில் யாரும் இல்லாத மத்தியான வேளையில் இழுத்தேன். பதிவேட்டில் "சேதம்" என்று எழுதினேன். மாற்றுத் தட்டு கேட்டு எழுதவில்லை.

பாட்டு ஐந்து மாதம்தான் ஒலித்திருந்தது. அதன் பிறகும் அதைக் கேட்டுக் கார்டுகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றைப் பிரிக்கும் வேலையும் என்னுடையதுதான். யார் கண்ணிலும் படாமல் பழைய தாள் மூட்டையில் போட்டேன்.

ஒரு நாள் அத்தான் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஊர்க் கதை எல்லாம் பேசிவிட்டு, "நம்ம பாட்டைக் கேட்டு யாராச்சும் எழுதுறாங்களா?" என்றார்.

"இல்ல அத்தான். ஆரம்பத்துல ஒண்ணு ரெண்டு வந்துச்சு. இப்ப யாரும் கேக்கறதில்ல" என்றேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அன்றைய தபாலில் மட்டும் இருபத்துமூன்று கார்டுகள், என் முழங்காலுக்குக் கீழே இழுப்பறையில் இருந்தன.

"நல்லதாப் போச்சு, தெரிஞ்சுக்கிட்டேன்" என்று எழுந்து போனார். இசைக்குழுவிலிருந்து விலகி எடைமேடையில் சேர்ந்தது அடுத்த மாதம்தானே.

ஏன் செய்தேன் என்று அவர் கேட்டால், பொறாமை என்று சொல். நான் தூசி தட்டிக்கொண்டிருக்க, அவர் பெயரை ஊரே சொன்னது பொறுக்கவில்லை. அவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவதும் மறைப்பதும் உன் இஷ்டம். பாட்டை நான் பட்டியலிலிருந்து எடுக்க விடவில்லை. அது முப்பத்தெட்டிலேயே இருக்கிறது.

தம்பி

14-10-1999

சின்னவனுக்கு,

இரண்டு மாதமாக நான் எழுதாததற்கு உடம்பு காரணமில்லை. உன் கடிதம் மெஷின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில் கிடந்தது. தினம் காலை ஏழே முக்காலுக்கு உங்கள் பாட்டுகளைக் கேட்கிறோம். "எண்பதாவது பாட்டெல்லாம் எப்படிய்யா எண்பதாச்சு, இருபதுக்குள்ள இருக்கணும்" என்று அவர் ரேடியோவோடு சண்டை பிடிப்பார். நவம்பர் 24க்கு எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்ப்பார். அந்த இழுப்பறைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நீ ஒன்றை எழுதவில்லை. நீ மறந்திருக்க மாட்டாய். மகள் பிறந்து மூன்றாவது மாதம். ஜுரத்தில் அவள் உடம்பு கொதிக்கிறது. இவர் இசைக்குழுவோடு எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாது. நான் உனக்கு எழுதினேன். "இந்தப் பாட்டு ஒழிந்தால்தான் இவர் வீட்டோடு இருப்பார். நீ அங்கேதானே இருக்கிறாய், எதையாவது செய்து இதை நிறுத்து." ஒரு எழுத்துகூட எனக்கு மறக்கவில்லை. தட்டு பழுது என்று நீ எழுதியபோதே அந்த வரிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பொறாமையாம். உனக்கு அப்போது அடுத்தவன் சைக்கிள்மேல்கூடப் பொறாமை கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொன்னேன். நீ செய்ததை மட்டும். கடிதத்தையும் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து ஒன்றே ஒன்று கேட்டார். "மொத்தம் எத்தனை கார்டு வந்துச்சாம்?"

என்னைப் பற்றியும் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் என் தோளைத் தொட்டு, "பாவம், உன் கூடப்பிறந்தவன் இப்படிச் செஞ்சானேன்னு உனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்" என்றார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? நீயும் எழுதாதே. அவர் கேட்டதற்கு மட்டும் அவருக்கே எழுது.

அக்கா

25-10-1999

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் நலத்தை விசாரிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நீங்கள் கேட்டதாக அக்கா எழுதியிருந்தாள். தட்டைக் கீறிய பிறகு, கார்டுகள் நிற்கும் வரை, பதினோரு மாதத்தில் அறுநூற்று நாற்பது. உத்தேசமாகச் சொல்லவில்லை. தூக்கிப்போடும் முன் ஒவ்வொரு நாளும் எண்ணினேன். எதற்காக எண்ணினேன் என்று எனக்கே தெரியாது. எல்லாம் பழைய தாளாகப் போய்விட்டன. நீங்கள் வந்திருந்த அன்றைக்கு வந்தவை மட்டும் போகவில்லை. அந்த இருபத்துமூன்றையும் போட மனம் வராமல் வைத்திருந்தேன். தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

மன்னிப்பு என்று எழுதினால் அது கையெழுத்துப் போல ஒரு வழக்கமாகிவிடும். அதனால் எழுதவில்லை. பொறாமையால் செய்தேன். வேறு காரணம் இல்லை.

உங்கள் மைத்துனன்

2-12-1999

சின்னவனுக்கு,

நானும் உன் அக்காவும் நலம். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

நவம்பர் 24 காலையில் எனக்கு வேலை. எடைமேடைக் கொட்டகையில் ரேடியோவை வைத்தேன். வெளியே ஐந்து வண்டி. ஏழே முக்காலுக்கு எல்லோரையும் நிறுத்தி வைத்தேன், ஹாரன் அடித்தார்கள். அதற்கு நடுவில்தான் கேட்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன். முப்பத்தெட்டு அதிகம். இரண்டாம் சரணத்தில் எனக்கு மூச்சு வாங்குவது நன்றாகத் தெரிகிறது. புல்லாங்குழல்காரன்தான் பாட்டைத் தூக்கி நிறுத்துகிறான். என்னைக் கேட்டால் அறுபதில் வைப்பேன். ஆனால் நூறுக்குள் வைப்பேன். இது எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. யாருக்கும் வேண்டாத பாட்டைப் பாடியவன் என்று நினைத்துக்கொண்டே லாரிகளை எடை போட்டேன். அதுதான் நீ செய்தது. தட்டு போனால் போகிறது.

கார்டுகளைத் தினம் ஒன்றாகப் படித்தேன். ஒரு நர்ஸ் எழுதியிருக்கிறார்: "பதினாறாம் வார்டில் எல்லோரும் சேர்ந்து காத்திருக்கிறோம், தயவுசெய்து சத்தமாக ஒலிபரப்பவும்." சத்தமாக எப்படி ஒலிபரப்புவது என்று சிரித்தேன். பிறகு அந்த வார்டு எத்தனை வாரம் காத்திருந்திருக்கும் என்று தோன்றியது. அன்றைக்கு அடுத்த கார்டை எடுக்கவில்லை.

உன்மேல் கோபம் இருக்கிறது. இருக்கும். ஆனால் பொறாமை என்று நீ எழுதியதை என்னால் நம்ப முடியவில்லை. உன்னைச் சின்னப் பையனாகப் பார்த்தவன் நான். எனக்கு மாலை போட்டால் அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவன் நீ. எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நேராகக் கேட்கிறேன், நேராக எழுது. இது உன் அக்காவுக்கு அப்போதே தெரியுமா?

அத்தான்

11-12-1999

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. இருவரும் நலம் என்று படித்ததில் நிம்மதி.

நேராகக் கேட்டீர்கள். அக்காவுக்கு எதுவும் தெரியாது. ஆகஸ்டில் நான் எழுதித்தான் அவளுக்கே தெரியும். அதன் பிறகு இரண்டு மாதம் என்னோடு பேச்சையே நிறுத்தியிருந்தாள்.

உங்கள் கோபம் நியாயமானது. அது முழுவதும் என்னோடு இருக்கட்டும்.

உங்கள் மைத்துனன்

27-12-1999

சின்னவனுக்கு,

நீ நலமா என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். எழுது.

உன் கடிதத்தை அவர் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். நான் சீருடைக் கையைத் தைத்துக்கொண்டிருந்தேன். "இரண்டு மாதம் என்னோடு பேச்சையே நிறுத்தியிருந்தாள்" என்ற இடத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்தார். எனக்காக நீ இவ்வளவு கோபப்பட்டாயா என்கிற மாதிரி. அன்றைக்கு இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் குளிக்கும்போது பாடினார். அதே பாட்டு. குரல் கரகரத்துப் போயிருக்கிறது, ஆனால் இறங்க வேண்டிய இடத்தில் இறங்குகிறது. தினமும் பாடுகிறார். பாடி முடிக்கும் வரை நான் மெஷினில் துணியே வைக்காமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது நான் கேட்டேன், நீ தட்டைக் கீறினாய். இப்போதும் நான் கேட்டேன், நீ அவருக்குப் பொய் எழுதினாய். இரண்டு தடவையும் என் கை சுத்தமாக இருந்தது. உன்னை அவர் மன்னித்தாலும் மன்னிப்பார். என்னை மன்னிக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாதே. அது எனக்குத் தாங்கவில்லை.

வாயால் சொல்லலாம் என்று பத்து நாளாக முயன்றேன். டீ கொடுக்கும்போது, விளக்கு ஏற்றும்போது, அவர் செருப்பைத் தேடும்போது. ஒவ்வொரு தடவையும் வேறு ஏதோ பேசிவிட்டேன். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். இதைப் பெட்டியில் போட்டுவிட்டால் பிறகு திரும்ப வாங்க முடியாது. நான் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் நீ இதைப் படிப்பாய். அதற்குள் நான் சொல்லியே ஆக வேண்டும்.

அவர் உள்ளே ரேடியோ கேட்கிறார். இன்றைக்கு ஐந்தாவது பாட்டு. ஒத்துக்கொள்ளவில்லை போல, சத்தம் வருகிறது. நான் இதை ஒட்டிக்கொண்டு கிளம்புகிறேன். தபால் பெட்டி தெருமுனையில்தான், போய்வர ஐந்து நிமிஷம் போதும். இன்றைக்குக் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருவேன்.

அக்கா